கெராச்சுட் கடற்கரையில் தொண்டூழியம்: மணல், நிழல்வலை, இருட்டு

பினாங்கில் கடலாமை மையத்துக்குத் தொண்டூழியம் செய்ய வரும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும் ஒரே ஆசையோடுதான் வருகின்றன: உள்ளங்கையில் ஒரு குஞ்சு, பின்னால் கடல், ஒரு படம். குஞ்சுகளுக்கு அதிகக் கெடுதல் நேர்வது அந்தப் படத்துக்காகச் செய்யப்படும் ஏற்பாடுகளால்தான். மையத்தில் ஆள் பற்றாக்குறை இருப்பது வேறு வேலைகளுக்கு: மணல் சலிக்க, குழி தோண்ட, நிழல்வலை கட்ட, வெப்பநிலை குறிக்க, பொரிந்து முடிந்த கூட்டைக் கிளறி நாற்றமடிக்கும் ஓடுகளை எண்ண. இந்த வேலைகளை ஒழுங்காகச் செய்வது எப்படி, எங்கே தப்பு நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும் கல்லூரிச் சங்கங்களுக்கும் பயன்படும்படி இங்கே எழுதி வைக்கிறோம்.

இடம், பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில் உள்ள தேசியப் பூங்கா. முன்பு பந்தாய் ஆச்சே வனக்காப்பகமாக இருந்தது. 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்குள் பந்தாய் கெராச்சுட் என்ற கடற்கரையில் மீன்வளத் துறை 1995 முதல் ஆமைப் பாதுகாப்பு மையம் நடத்துகிறது. இங்கே முட்டையிட வருபவை முக்கியமாக இரண்டு இனங்கள்: பேராமை எனப்படும் பச்சை ஆமை, அதைவிடச் சிறிய பங்குனி ஆமை. பேராமை பெரும்பாலும் ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரையிலும், பங்குனி ஆமை ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து பிப்ரவரி வரையிலும் கரையேறும். ஆகவே எந்த மாதம் போகிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் வேலை. பள்ளி விடுமுறைக்குத் தோதாக ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, “அன்றைக்குக் குஞ்சு இருக்குமா?” என்று கேட்பது தலைகீழ்.

கெராச்சுட்டுக்குக் காடி போகாது. ஜார்ஜ்டவுனிலிருந்து 101 எண் பேருந்தில் தெலுக் பகாங் வந்து, பூங்கா வாசலில் பெயர் பதிந்துகொண்டு நடக்க வேண்டும். சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் காட்டுப் பாதை; ஏற்ற இறக்கம் உண்டு; மாணவர்களோடு போனால் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். தெலுக் பகாங்கிலிருந்து படகும் உண்டு, ஆனால் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் அலை எழும்பினால் கரையில் இறங்குவது சிரமம். படகை மட்டும் நம்பித் திட்டம் போட்ட குழு திரும்பும்போது மாட்டிக்கொள்ளும். நடந்தே திரும்பக்கூடிய உடல்நிலை எல்லாருக்கும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தலைக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போனால் குரங்குகள் பறித்துவிடும். எல்லாம் முதுகுப்பைக்குள், ஜிப் போட்டு. வழியில் கடற்கரைக்குப் பின்னால் ஒரு ஏரி வரும். அடியில் உப்புநீரும் மேலே நன்னீரும் கலக்காமல் இரண்டு அடுக்காக நிற்கும் அரிய ஏரி அது. காய்ந்த மாதங்களில் போனால் வெறும் சேற்றுப் பள்ளம்தான் தெரியும், ஏமாற வேண்டாம்.

முதல் வேலை மணல். பொரிப்பகம் என்பது வேலி போட்ட ஒரு மணல் பாத்தி, அவ்வளவுதான். ஆனால் ஆண்டுதோறும் அதே மணலில் முட்டை புதைத்தால், உடைந்த முட்டைகளில் வளர்ந்த பூஞ்சையும் கிருமியும் அடுத்த கூட்டுக்கும் பரவும். பருவம் தொடங்கும் முன் பழைய மணலை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி எடுத்துவிட்டு, அலை வந்து கழுவும் பகுதியிலிருந்து சுத்தமான மணலைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். அல்லது பாத்தியையே வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். அலை மணலை உடனே பயன்படுத்தக் கூடாது. அதில் உப்பு ஏறியிருக்கும். மழையிலோ நன்னீரிலோ நன்றாக நனைந்து வடிந்த பிறகுதான் முட்டை வைக்கலாம். சலிக்கும்போது பார்க்க வேண்டியவை வேர், பழைய ஓட்டுத் துண்டு, கண்ணாடி, கூழாங்கல். வேர் ஒரு சின்ன விஷயமாகத் தெரியும். அடும்புக்கொடியின் வேர் முட்டைக்குள்ளேயே புகுந்து உறிஞ்சிவிடும், பொரியும் குஞ்சைச் சுற்றிக்கொண்டு மேலே வரவிடாமலும் பிடிக்கும். (சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் ஆமை முட்டையை மறைத்து வைப்பது இந்த அடும்பங்கரையில்தான். கொடியின் மேல் பகை வேண்டாம். பாத்திக்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். கரையில் இருப்பது மணலைப் பிடித்து வைக்கிறது.)

மணலின் ஈரத்துக்கு ஒரு கைச்சோதனை உண்டு. ஒரு பிடி அள்ளி அமுக்கித் திறந்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. உதிர்ந்தால் காய்ந்த மணல். குழி தோண்டத் தோண்டச் சரியும், முட்டையும் வற்றி ஓட்டில் குழி விழும். சொட்டினால் ஈரம் அதிகம். மணற்பரல்களுக்கு இடையில் காற்று ஓடாது, கரு மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

அடுத்தது குழி. மாணவர்கள் தோண்டும் குழிகளில் முக்கால்வாசி வாளி வடிவத்தில் இருக்கும், மேலும் கீழும் ஒரே அகலம். தாய் ஆமை பின்துடுப்பால் தோண்டுவது கழுத்து ஒடுங்கிய குடம் போன்ற குழி: வாய் சுமார் 20 செ.மீ., அடி 30 செ.மீ. வரை. கழுத்து ஒடுங்கியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கூரை மணலைச் சுரண்டிச் சுரண்டிக் கீழே மிதித்துத்தான் மேலே வருகின்றன; அகலமான வாயில் அந்த மணல் ஒரே நேரத்தில் அவற்றின் மேல் சரிந்துவிடும். ஆழம் இனத்துக்கு இனம் மாறும். பேராமைக்கு அடி வரை 60 முதல் 70 செ.மீ., பங்குனி ஆமைக்கு 45 செ.மீ. போதும். ஒரு குச்சியில் இரண்டு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு குழியையும் அதனால் அளந்து பாருங்கள். கண்ணளவு எப்போதும் பத்துச் செ.மீ. ஏமாற்றும். மேலாக வைத்த முட்டை வெயிலில் வேகும்; ஆழம் கூடினால் காற்றும் குறையும், குஞ்சுகள் மேலேறும் முன்பே களைத்துவிடும்.

ஒரு கூட்டுக்கும் அடுத்த கூட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். இடம் போதவில்லை என்று அரை மீட்டரில் நெருக்கி வைத்தால், கடைசி வாரங்களில் கருக்கள் தாமே வெளியிடும் வெப்பம் பக்கத்துக் கூட்டையும் சூடாக்கும். இன்னொரு சங்கடம்: கூட்டைப் பார்க்கப் போகிறவர் கால் வைக்க இடமில்லாமல் அடுத்த கூட்டை மிதிப்பார்.

கூட்டைச் சுற்றி நிறுத்தும் வலை ஒரு செ.மீ.க்கும் குறைந்த கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையாக இருக்கட்டும். அதை 60 செ.மீ. விட்டமுள்ள உருளையாகச் சுருட்டி, அடியை 10 முதல் 15 செ.மீ. மணலுக்குள் புதைக்க வேண்டும். புதைக்காமல் மேலே வைத்துவிட்டால் கரை நண்டு அடியில் வளை போட்டு உள்ளே வந்துவிடும். இரும்பு வலை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். கடற்காற்றில் துருப்பிடித்து முனைகள் கிழிக்கும் என்பது ஒன்று. குஞ்சுகள் பூமியின் காந்தப்புலத்தை வைத்துத் திசை அறிபவை, கூட்டைச் சுற்றி இரும்பு இருந்தால் அந்தப் புலம் கலையும் என்பது இன்னொன்று. உடும்புக்கு இந்த வலை போதாது. அதற்கு வெளிவேலி, வேலியின் அடியில் புதைத்த வலை, தினமும் ஒரு சுற்று என மூன்றும் வேண்டும்.

பெயர்ச்சீட்டில் எழுத வேண்டியவை: கூட்டு எண், இனம், இட்ட தேதியும் நேரமும், புதைத்த நேரம், முட்டை எண்ணிக்கை, எடுத்த இடம், தாயின் துடுப்பில் அடையாளத் தகடு இருந்தால் அதன் எண். மார்க்கர் பேனா வேண்டாம். வெயிலில் சில வாரங்களில் வெளுத்துவிடும், பொரிக்கும் நேரத்தில் சீட்டு வெறுமையாக நிற்கும். சொரசொரப்பான பிளாஸ்டிக் சீட்டில் பென்சிலால் எழுதினால் பருவம் முழுக்க நிற்கும். அதே விவரம் பதிவேட்டிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் சீட்டைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போகும்.

வெப்பநிலைதான் இந்த வேலையிலேயே சுவையானது. படிவம் நான்கு, ஐந்து மாணவர்களின் அறிவியல் திட்டத்துக்கும் இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. கடலாமையில் ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் முடிவு செய்வதில்லை. மணலின் சூடு முடிவு செய்கிறது. சுமார் 29 டிகிரி செல்சியஸில் இரண்டும் ஏறக்குறைய சமம். அதற்குக் கீழே போகப் போக ஆண் கூடும், மேலே போகப் போகப் பெண் கூடும். 33, 34 டிகிரியில் நாள்கணக்கில் நின்றால் குஞ்சே தேறாது. பால் தீர்மானமாவது அடைகாக்கும் காலத்தின் நடுப்பகுதியில், அதாவது ஐம்பது நாள் கூட்டில் தோராயமாக 17ஆம் நாளிலிருந்து 33ஆம் நாள் வரை. திரெங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங்கில் தோல்முதுகு ஆமைக்காக நடத்தப்பட்ட பழைய பொரிப்பகங்களில் திறந்த வெயில் மணல் சூடேறி, குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவே பொரிந்தன என்று பின்னர் ஆய்வாளர்கள் கண்டார்கள். முட்டையைக் காப்பாற்றியும், வளர்ந்து இணைசேர ஆண் இல்லாத நிலை வரலாம் என்பதற்கு அது பாடம். அதனால்தான் நிழல்வலை.

நிழல்வலையைப் பாத்திக்கு மேலே ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் கட்டுங்கள். தாழக் கட்டினால் அடியில் காற்று தேங்கும், வேலை செய்பவர் தலையும் இடிக்கும். பாதி வெயிலை மறைக்கும் வலையில் தொடங்கி, அளந்து பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். பாத்தி முழுவதையும் ஒரேயடியாக மூடிவிடாமல் ஒரு பகுதியைத் திறந்து விட்டால் இரண்டு பாலும் கிடைக்க வழி உண்டு. இதை முடிவு செய்ய வேண்டியவர் மைய அதிகாரி, நீங்கள் அல்ல.

அளப்பதில் வழக்கமாக நடக்கும் தப்பு: கண்ணாடி வெப்பமானியை மணலில் குத்தி, பிடுங்கி, நிழலுக்கு நடந்து போய்ப் படிப்பது. அதற்குள் அது காற்றின் சூட்டைக் காட்டிவிடும். கம்பி நுனியுள்ள மின்வெப்பமானியைக் கூடு மூடும்போதே நடு ஆழத்தில் புதைத்து, கம்பியை மட்டும் வெளியே விட வேண்டும். தானே பதியும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. முட்டை இல்லாத வெறும் மணலிலும் அதே ஆழத்தில் ஒன்று புதையுங்கள். கடைசி வாரங்களில் கூட்டின் சூடு வெறும் மணலைவிட இரண்டு மூன்று டிகிரி ஏறும். அந்த வித்தியாசம் உயிருள்ள கருக்களின் வெப்பம். கோடு ஏறவே இல்லையென்றால் கூட்டில் பெரும்பாலானவை வளரவில்லை என்று தோண்டும் முன்பே ஊகிக்கலாம். அந்த ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வேறுபாடு மிகக் குறைவு என்பதால் நாளுக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில் குறித்தால் போதும். மழை பெய்த நாளை மறக்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் வரைபடத்தில் விழும் பள்ளத்துக்கு யாராலும் காரணம் சொல்ல முடியாது.

இரவு ரோந்துக்குப் பள்ளி மாணவர்களை அழைத்துப் போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. கல்லூரி மாணவர்கள், அதிலும் மையக் காவலரோடு நான்கைந்து பேர், அதற்கு மேல் வேண்டாம். கரு நிற உடை, கைபேசி பைக்குள், விளக்கு தேவையென்றால் சிவப்பு வடிகட்டி போட்டது, அதுவும் தரையைப் பார்த்து. கொசுவுக்கும், கடிக்கும் சிறு அகாஸ் பூச்சிக்கும் மருந்து பூசுவதாக இருந்தால் முட்டையைத் தொடப் போகும் கையில் படக் கூடாது. நீளக்கை சட்டை அதைவிட மேல்.

முதலில் தென்படுவது தடம். ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தில் இரண்டு பக்கமும் ஒத்த கோடுகளாக இருந்தால் பேராமை: முன்துடுப்பு இரண்டையும் ஒன்றாக ஊன்றி நகரும். 70, 80 செ.மீ. அகலத்தில் கோடுகள் மாறி மாறி விழுந்திருந்தால் பங்குனி ஆமை. ஏறும் தடம் மட்டும் இருந்து இறங்கும் தடம் இல்லையென்றால் அவள் இன்னும் மேலே இருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். கரையேறும் நேரத்திலும் குழி தோண்டும் நேரத்திலும்தான் ஆமை மிகவும் மிரளும். ஓர் ஒளி, நிற்கும் ஓர் ஆளின் உருவம் போதும், முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டை விழத் தொடங்கியபின் சற்று அசராமல் இருப்பாள். அப்போதுகூடப் பின்பக்கமிருந்து, தவழ்ந்து. ஆமையின் மேலோட்டை அளப்பதும் தகடு மாட்டுவதும் பயிற்சி பெற்ற அதிகாரிகளின் வேலை. தொண்டூழியர் அளவை எழுதிக்கொள்வார், எண்ணும் கருவியை அழுத்துவார்.

பேராமை ஒரு தடவையில் சராசரியாக நூறு முட்டைக்கு மேல் இடும். ஒவ்வொன்றும் நாலரை செ.மீ. அளவில், தோல்போன்ற மெல்லிய ஓட்டோடு, பிசுபிசுப்பாக இருக்கும். அந்தப் பிசுபிசுப்பைக் கழுவவோ துடைக்கவோ கூடாது. வாளியின் அடியில் ஈர மணல் பரப்பி, கையுறையோடு ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், போடக் கூடாது. அதைவிட முக்கியம் கடிகாரம். இட்ட முதல் சில மணி நேரத்துக்குப் பிறகு கரு மேல்பக்கத்து உட்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு முட்டையை உருட்டினால் சவ்வு கிழிந்து கரு இறந்துபோகும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது; இரண்டு மாதம் கழித்துத் தோண்டும்போதுதான் தெரியும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி புதைத்துவிடுவது பாதுகாப்பு, ஆறு மணி நேரம் தாண்டினால் தொடாமல் விடுவதே மேல். காலையில் கண்டுபிடித்த கூட்டை அவசரமாகப் பெயர்த்துக்கொண்டு வருவது நல்ல மனசோடு செய்யும் கொலை. கடல் அடித்துக்கொண்டு போகும் இடமாக இல்லாவிட்டால் அங்கேயே வலை போட்டுக் காவல் வையுங்கள். வேறு வழியே இல்லையென்றால், ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளி கடைசி வரை மேலேயே இருக்கும்படி எடுத்து வைக்க வேண்டும். இதெல்லாம் மீன்வளத் துறையின் அனுமதியோடு நடப்பது. வழியில் கண்ட கூட்டைத் தோண்ட வேறு யாருக்கும் உரிமை இல்லை.

நாற்பத்தைந்தாம் நாளிலிருந்து கூட்டைக் கவனிக்க வேண்டும். மேல்மணல் உள்வாங்கிச் சிறு பள்ளம் விழுந்தால் குஞ்சுகள் மேலேறிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பெரும்பாலும் மணல் குளிர்ந்த பிறகு, இரவில் வெளிவரும். அரை மணிக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும் என்று காவலர் சொன்னால் அது வெறும் கண்டிப்பு அல்ல. வெளியே வந்த குஞ்சுக்கு ஒரு நாள் முழுக்க நிறுத்தாமல் நீந்திக் கரையோர மீன்களைத் தாண்டிவிடும் வெறி இருக்கும். அதற்கான எரிபொருள் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு. வலைக்குள் சுற்றிச் சுற்றி ஓடியே அதைத் தீர்த்துவிட்டால் கடலில் ஒன்றும் மிஞ்சாது.

இங்கேதான் பகல்நேர விடுவிப்பு நிகழ்ச்சிகள் மேல் எங்களுக்குள்ள கோபம். இரவு பொரிந்த குஞ்சுகளை விருந்தினர் வரும் காலை பத்து மணி வரை தண்ணீர்த் தொட்டியில் வைத்திருந்து, பிரமுகர் பேசி முடித்தபின் வெயில் மணலில் விடுவது சில இடங்களில் வழக்கம். வெறி அடங்கிய குஞ்சு, சுடும் மணல், மேலே பறவை, கீழே காத்திருக்கும் மீன். ஒரு பள்ளிக்கு அப்படி அழைப்பு வந்தால் மறுத்துவிடுவது மரியாதைக் குறைவு ஆகாது.

சரியான முறையில் ஆரவாரம் எதுவும் இல்லை. எண்ணி, ஈர மணல் போட்ட மூடிய வாளியில், தண்ணீர் ஊற்றாமல், உடனே எடுத்துப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில். ஒரே இடத்தில் விட்டால் மீன்கள் பழகிக் கூடிவிடும். அலையிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளி, மணலில் கால்தடக் குழிகளைச் சமன் செய்து விட வேண்டும், ஏனென்றால் ஐந்து செ.மீ. குஞ்சுக்கு ஒரு சப்பாத்துத் தடம் பெரிய பள்ளம். பார்ப்பவர் எல்லாரும் கயிற்றுக்குப் பின்னால். ஒரு கைபேசி வெளிச்சம் போதும், மொத்தக் கூட்டமும் கடலை விட்டுத் திரும்பி உங்கள் காலடிக்கு வரும். யாரும் கையால் தூக்கி நீரில் போட வேண்டியதில்லை. தானே ஊர்ந்து போகட்டும்.

முதல் குஞ்சுகள் வெளிவந்து இரண்டு மூன்று நாள் கழித்துக் கூட்டைத் தோண்டி எண்ணும் வேலைதான் மாணவர்களுக்கு மிகவும் ஏற்றது. பகலில் செய்யலாம், கணக்கு இருக்கிறது, ஆமைக்கு இடைஞ்சலும் இல்லை. நாற்றத்துக்கு மட்டும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். கையுறை, முகமூடி, ஒரு தார்ப்பாய். எடுத்ததை ஐந்து குவியலாகப் பிரிக்க வேண்டும்: பாதிக்கு மேல் முழுமையாக உள்ள வெற்று ஓடு, கரு தெரியாத முட்டை, உள்ளே கரு இறந்த முட்டை, ஓட்டை உடைத்து வெளிவர முடியாமல் இறந்தது, ஓட்டை விட்டு வந்து கூட்டிலேயே தங்கிய குஞ்சு, இதில் உயிருள்ளது தனி, இறந்தது தனி. துண்டு ஓடுகளை எண்ணினால் ஒரே முட்டை இரண்டாகிவிடும்.

ஓர் உதாரணம். புதைத்தது 112. வெற்று ஓடு 91, கரு தெரியாதது 9, கரு இறந்தது 8, உடைத்துக்கொண்டு இறந்தது 4. கூட்டினால் 112, சரி. கூட்டில் தங்கிய குஞ்சு 7, அதில் உயிருள்ளது 4. பொரிப்பு விகிதம் 91ஐ 112ஆல் வகுத்தால் 81.25 விழுக்காடு. தானே மேலேறி வந்தவை 91இல் 7 போக 84. அது 112இல் 75 விழுக்காடு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் அறிக்கைகள் நிறைய. முதலாவது முட்டைகள் எப்படி இருந்தன என்று சொல்கிறது, இரண்டாவது குழியும் மணலும் எப்படி இருந்தன என்று சொல்கிறது. கூட்டல் 112க்கு வராவிட்டால் திருத்தி எழுதாமல் வந்த எண்ணையே எழுதுங்கள். நண்டு தின்றிருக்கலாம், முதலில் எண்ணியதும் தப்பாக இருக்கலாம்.

செத்த முட்டைகளும் பேசும். நல்ல முட்டையில் ஓரிரு நாளிலேயே உச்சியில் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளி தோன்றிப் பரவும். புள்ளியே விழாத முட்டைகள் நிறைய இருந்தால், கருவுறாதவையாகவோ முதல் மணிகளிலேயே இறந்தவையாகவோ இருக்கலாம். சிறு கருவாக இறந்தவை மிகுந்தால் எடுத்து வந்த விதத்தைச் சந்தேகியுங்கள்: வாளி ஆடியதா, நேரம் கடந்ததா. முழுதாக வளர்ந்து இறந்தவை மிகுந்தால் சூடு, அல்லது மழைநீர் தேங்கியது. ஓட்டில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக இருந்தால் பூஞ்சையோ கிருமியோ. அடுத்த ஆண்டு மணல் மாற்றும் வேலை கட்டாயம். உயிரோடு கிடைத்த குஞ்சை ஈர மணலில் நிழலில் மூடி வைத்து அன்றிரவே விட வேண்டும். மிச்சத்தைப் பொரிப்பகத்துக்குத் தொலைவில் ஆழமாகப் புதையுங்கள், இல்லாவிட்டால் வாடை பிடித்து உடும்பு வரும்.

கடற்கரைத் துப்புரவு எல்லாரும் அறிந்தது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகெங்கும் நடக்கிறது. பொறுக்குவது பாதி வேலை, பதிவதுதான் மற்றப் பாதி. 100 மீட்டரைக் கயிற்றால் குறித்து, ஒவ்வொரு பொருளையும் வகை பிரித்து எண்ணினால்தான் அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும். எத்தனை பை நிறைந்தது என்பது எதையும் சொல்லாது. மணலில் புதைந்த மீன்வலையை இழுக்காதீர்கள், வெட்டுங்கள். இழுத்தால் அடியில் கூடு இருந்தால் கலையும். ஊசி கிடைத்தால் மாணவர் தொடாமல் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும், இடுக்கியால் எடுத்துக் கெட்டியான போத்தலில் போட வேண்டும். முட்டையிடும் பருவத்தில் ஆமையின் வழியை மறிக்கும் பெரிய கட்டைகளை ஒதுக்குவது நல்ல உதவி.

மழை வந்தால் கூடாரத்துக்குள் செய்யச் சின்ன ஆய்வு ஒன்று. அரை மீட்டர் சதுரத்தில் மேல் 5 செ.மீ. மணலை எடுத்து, 5 மி.மீ. சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை உப்புக் கரைசலில் கலக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 350 கிராம் சமையல் உப்பு, கரையும் மட்டும். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன், பொலிஸ்டைரீன் துகள்கள் மிதக்கும். தண்ணீர்ப் போத்தல் பிளாஸ்டிக்கும் பிவிசியும் கனமானவை, அடியில் தங்கிவிடும். மிதந்ததை மட்டும் எண்ணிவிட்டு “மொத்தம்” என்று எழுதக் கூடாது.

நம்மவர்கள் சம்பந்தப்பட்ட ஒன்று. தெலுக் பகாங் சிங்கமுக காளியம்மன் கோயிலின் மாசி மகத் தெப்பம் பினாங்குத் தமிழர்கள் எல்லாரும் அறிந்தது. பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலில் இறங்கும் காலமும் ஏறக்குறைய அதுவே. நீரில் விடும் விளக்குக்கு வாழைமட்டையோ இலையோ போதும். மறுநாள் காலை கரையில் ஒதுங்கியதைப் பொறுக்க ஒரு தமிழ் இளைஞர் குழு இறங்கினால், கெராச்சுட்டுக்கு நடக்காமலே ஆமைக்குச் செய்யும் நல்ல வேலை அது.

கண்டல் நடுவதையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். அது சேற்றுக்கரையில், வற்று நேரம் பார்த்து, சரியான இனத்தைச் சரியான உயரத்தில் நட வேண்டிய தனி வேலை. நாள் முழுக்க நீரில் மூழ்கிக் கிடக்கும் தாழ்ந்த சேற்றில் நட்ட கன்று எத்தனை ஆயிரம் நட்டாலும் நிற்காது.

மையத்துக்கு எழுதும் கடிதம் மலாயில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். எத்தனை பேர், என்ன வயது, முதலுதவி தெரிந்தவர் உடன் வருகிறாரா, மாற்றுத் தேதிகள் இரண்டு. இரவு தங்குவதாக இருந்தால் பூங்கா நிர்வாகத்துக்குத் தனிக் கடிதம். பள்ளியென்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதலும் பெற்றோர் கையொப்பமும் அதற்கு முன்னால். குஞ்சு விடுவதைப் பார்க்க வருகிறோம் என்று எழுதாமல், மணல் சலிக்கவும் கூடு தோண்டி எண்ணவும் இத்தனை பேர் இருக்கிறோம், சல்லடையும் கையுறையும் நாங்களே கொண்டுவருகிறோம் என்று எழுதுங்கள்.